கிடைக்கவில்லை என்பதும் ஒரு துப்பு

2009 ஜூன் 1, நள்ளிரவு தாண்டிய நேரம். ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் போய்க்கொண்டிருந்த ஏர் பிரான்ஸ் 447 விமானம் அட்லாண்டிக் கடலின் நடுவே காணாமல் போனது. உள்ளே 228 பேர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று செயற்கைக்கோள் வழியாகச் சேதி அனுப்பிக்கொண்டே வந்த விமானம் அது. உலக நேரப்படி 2.10க்கு ஒரு சேதி வந்தது. 2.20க்கு வர வேண்டியது வரவே இல்லை.

கடைசிச் சேதி வந்த இடத்திலிருந்து விமானம் எவ்வளவு தூரம்தான் போயிருக்க முடியும்? விசாரணையாளர்கள் போட்ட எல்லை 74 கிலோமீட்டர். கடைசியாகத் தெரிந்த இடத்தை மையமாக வைத்து ஒரு வட்டம் போட்டால், உள்ளே 17,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் கடல். நாற்பது சென்னை மாநகராட்சிகளை அதில் போட்டு மூடலாம். ஆழமோ விமானம் கிடந்த இடத்தில் சுமார் 3,900 மீட்டர். தொட்டபெட்டா சிகரத்தைத் தூக்கி அங்கே வைத்தாலும் உச்சிக்கு மேல் ஒரு கிலோமீட்டருக்கு அதிகமாகத் தண்ணீர் நிற்கும். கடலடியும் சமதரை இல்லை, மலையும் பள்ளத்தாக்குமாகக் கிடக்கிறது.

முதல் மாதம் கப்பல்கள் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தன. விமானத்தின் இரண்டு கறுப்புப் பெட்டிகளிலும் நீருக்கடியில் ‘டிக், டிக்’ என்று ஒலிக்கும் ஒலிப்பான் உண்டு. மின்கலம் ஒரு மாதம் தாங்கும். ஒன்றும் கேட்கவில்லை. ஆகஸ்டில் சோனார் கருவியைக் கடலடியில் இழுத்துத் தேடினார்கள். இல்லை. 2010இல் மறுபடி தேடினார்கள். அப்போதும் இல்லை. பிறகு பிரான்ஸின் விமான விபத்து விசாரணை அமைப்பு, மெட்ரான் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கணித வல்லுநர்களிடம் விவரங்களைக் கொடுத்தது. அவர்கள் கடலுக்குப் போகவில்லை. புதிதாக ஒரு துண்டு உலோகம்கூடக் கிடைக்கவில்லை. இருந்த விவரங்களையே வைத்து மறுபடி கணக்குப் போட்டு, ஒரு வரைபடத்தைத் தந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு தேடல் மீண்டும் தொடங்கிய ஒரே வாரத்தில், 2011 ஏப்ரல் 3 அன்று, விமானம் அகப்பட்டது. கடைசிச் சேதி வந்த இடத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தூரம்தான்.

இரண்டு ஆண்டு கப்பல்களுக்கு அகப்படாதது ஒரு கணக்குக்கு எப்படி அகப்பட்டது? அந்தக் கணக்கு இன்று உங்கள் கைபேசிக்குள்ளும் ஓடுகிறது. அதன் அடிப்படையைப் புரிந்துகொள்ள ஒரு வீட்டுச் சாவி போதும்.

சாவியைக் காணோம். கைப்பையில் இருக்க 60 சதவீத வாய்ப்பு, பீரோ மேல் இருக்க 40 சதவீதம் என்று மனம் சொல்கிறது. பை ஒரு குப்பைக்கூடை. ரசீது, மாத்திரை அட்டை, பழைய பேருந்துச் சீட்டு என்று எல்லாம் கிடக்கிறது. சாவி உள்ளே இருந்தாலும் துழாவும் கைக்கு ஐந்தில் நான்கு முறைதான் தட்டுப்படும். துழாவினீர்கள். கிடைக்கவில்லை. இப்போது என்ன நம்ப வேண்டும்?

இதே நிலைமை நூறு நாள் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 60 நாள் சாவி பையில். அதில் 48 நாள் உடனே கிடைத்திருக்கும், 12 நாள் கைக்குத் தப்பியிருக்கும். மீதி 40 நாள் பீரோ மேல். இன்று கிடைக்கவில்லை என்றால், இது அந்த 12 நாளில் ஒன்று, அல்லது அந்த 40 நாளில் ஒன்று. மொத்தம் 52. ஆக, பைக்கு 23 சதவீதம், பீரோவுக்கு 77. நீங்கள் பீரோவைத் தொடவே இல்லை, ஆனாலும் பீரோவின் மேல் உள்ள நம்பிக்கை 40இலிருந்து 77க்கு ஏறிவிட்டது. வெறுங்கையும் ஒரு தகவலைக் கொண்டுவருகிறது.

பையை இன்னொரு முறை துழாவி, மறுபடி ஏமாந்தால் அதன் பங்கு 6 சதவீதத்துக்கு இறங்கும். மூன்றாம் முறை இன்னும் குறையும். ஆனால் பூஜ்யத்தைத் தொடாது. ‘எதற்கும் இன்னொரு தடவை பார்ப்போமே’ என்று கை தானாகப் பைக்குள் போகிறதே, அது அவ்வளவு அசட்டுத்தனம் இல்லை. நிஜமான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ‘சாவியைத் தம்பி எடுத்திருக்கவே மாட்டான்’ என்று ஓர் இடத்துக்குத் தொடக்கத்திலேயே சுத்தமாகப் பூஜ்யம் போட்டுவிட்டால், பிறகு எத்தனை சான்று வந்தாலும் அது பூஜ்யமாகவே நிற்கும். எதால் பெருக்கினாலும் பூஜ்யம் பூஜ்யம்தானே.

ஒன்று நடக்க அல்லது உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை எண்ணாகச் சொன்னால் அதற்கு நிகழ்தகவு என்று பெயர். சான்று வருமுன் இருந்த நிகழ்தகவு முன்நம்பிக்கை. சான்றைப் பார்த்துத் திருத்திய பிறகு கிடைப்பது பின்நம்பிக்கை. இன்றைய பின்நம்பிக்கை நாளைய சான்றுக்கு முன்நம்பிக்கை ஆகிவிடும். கடைக்காரர் நேற்றைய இருப்பை இன்றைய பக்கத்தில் முதல் வரியாக எழுதுவதுபோல.

இந்த விதிக்கு அடி போட்டவர் தாமஸ் பேய்ஸ், இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஊரில் பாதிரியாராக இருந்தவர். தன் யோசனையை அவர் உயிரோடு இருந்தவரை அச்சுக்கு அனுப்பவில்லை. 1761இல் இறந்தார். காகிதங்களைப் புரட்டிய நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் அதைச் செப்பனிட்டு அனுப்ப, 1763இல் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. பேய்ஸ் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு மேசை. அதன் மேல் ஒரு பந்தை உருட்டிவிடுகிறார்கள். நீங்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள். அது எங்கே நின்றது என்று தெரியாது. அடுத்தடுத்துப் பந்துகளை உருட்டி, ‘முதல் பந்துக்கு இடப்பக்கம்’, ‘வலப்பக்கம்’ என்று மட்டும் சொல்கிறார்கள். பத்தில் எட்டு வலப்பக்கம் விழுந்தால் முதல் பந்து இடது ஓரமாக இருக்கிறது என்று ஊகிக்கலாம். நூறு பந்து உருட்டினால் ஊகம் இன்னும் குறுகும். திரும்பியே பார்க்காமல் ஒரு பொருளின் இடத்தை நெருங்கிவிடலாம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பேய்ஸ் மறுக்கமாட்டார், ஆனால் சமைத்தவர் யார் என்று கேட்பார். அதே அரிசியை அதே பானையில் இருபது ஆண்டாக வடிப்பவருக்கு ஒரு பருக்கை போதும். முன்நம்பிக்கை அவ்வளவு பலம். புது அரிசி வாங்கிய அன்று அவரே நாலு பருக்கையை நசுக்கிப் பார்ப்பார்.

இந்த முன்நம்பிக்கையை மறப்பதில் படித்தவர்கள் சளைத்தவர்கள் இல்லை. 1978இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைகளில் இருந்த மருத்துவர்கள், மாணவர்கள் 60 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய். அதற்கான சோதனை, நோய் இல்லாதவர்களிலும் 5 சதவீதம் பேருக்கு ‘இருக்கிறது’ என்று தவறாகச் சொல்லும். ஒருவருக்கு ‘இருக்கிறது’ என்று வந்தால், உண்மையில் நோய் இருக்க என்ன வாய்ப்பு? அதிகம் பேர் சொன்ன விடை 95 சதவீதம். ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்திப் பாருங்கள். நோயாளி ஒருவர். நோய் இல்லாத 999 பேரில் 5 சதவீதம், அதாவது 50 பேர், தவறுதலாக மாட்டுகிறார்கள். ‘இருக்கிறது’ என்று சீட்டு வாங்கிய 51 பேரில் நிஜ நோயாளி ஒருவர்தான். விடை 2 சதவீதம். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர்.

இப்போது அட்லாண்டிக்குக்குத் திரும்புவோம். மெட்ரான் குழு முதலில் மூன்று சரக்கை எடுத்துக் கலந்தது. முதலாவது, 74 கிலோமீட்டர் வட்டம். இரண்டாவது, கட்டுப்பாடு இழந்து விழுந்த பழைய ஒன்பது விமானங்களின் வரலாறு. சிக்கல் தொடங்கிய இடத்திலிருந்து அவை எல்லாம் சுமார் 37 கிலோமீட்டருக்குள் விழுந்திருந்தன. ஆக வட்டத்தின் நடுப்பகுதிக்கு எடை அதிகம். மூன்றாவது, சில நாள் கழித்து மிதந்து கிடைத்த உடல்களும் துண்டுகளும். காற்றையும் நீரோட்டத்தையும் பின்னோக்கி ஓட்டி, அவை எங்கிருந்து புறப்பட்டிருக்கலாம் என்று பார்த்தார்கள். இதன்படி கணினிக்குள் கோலமாவு தூவியதுபோல வட்டம் முழுக்கப் புள்ளிகளைத் தூவினார்கள். ஒவ்வொரு புள்ளியும் ‘விமானம் இங்கே கிடக்கலாம்’ என்ற ஒரு கதை, அதன் எடை அந்தக் கதையின் மேல் உள்ள நம்பிக்கை.

அடுத்துத்தான் சாவிக் கணக்கு. சோனார் தேடிவிட்டுப் போன பகுதிகளில் எல்லாப் புள்ளிகளின் எடையும் குறைந்தது, ஆனால் பூஜ்யம் ஆகவில்லை. மலைச்சரிவில் சோனார் கண்ணுக்குத் தப்புவது எளிது. சமதளத்தில் தப்புவது கடினம். தப்பும் வாய்ப்புக்குத் தக்கபடி தள்ளுபடி.

முடிச்சு அவிழ்ந்தது ஒலிப்பான்களில். 2009இல் கப்பல்கள் ஒலிக்காகக் காது கொடுத்தது பெரும்பாலும் நடுப்பகுதியில்தான். எதுவும் கேட்காததால், ‘நடுவில் இல்லை’ என்று எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. சோனாரும் வேறு பக்கம் போனது. ஆனால் ‘கேட்கவில்லை’ என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. விமானம் அங்கே இல்லை, அல்லது விமானம் இருக்கிறது, ஒலிப்பான்கள்தான் செத்துவிட்டன. இரண்டும் சேர்ந்து பழுதாகியிருந்தால் என்ற கணக்கையும் குழு தனியாகப் போட்டது. வரைபடம் தலைகீழாக மாறியது. வெளியே பரவிக் கிடந்த எடை முழுக்க மையத்தை நோக்கி ஓடி வந்தது. அந்த இடத்தில்தான் விமானம் கிடந்தது. கேட்காத சத்தத்துக்கு எவ்வளவு மதிப்புத் தரலாம் என்பதை மறுபடி நிறுத்துப் பார்த்ததுதான் அவர்கள் செய்த காரியம். என்னைக் கேட்டால், கணக்கைவிட அந்தச் சந்தேகம்தான் பெரிய விஷயம். அது கணினிக்குத் தானாக வரவில்லை, மனிதர்களுக்குத்தான் வந்தது.

இந்த வித்தை புதிதில்லை. 1968இல் 99 பேரோடு மூழ்கிய அமெரிக்க நீர்மூழ்கி ஸ்கார்ப்பியனைக் கடற்படையின் ஜான் கிரேவன் தேடியதும் இந்த வழியில்தான்.

அதற்கும் முன்னால், கணினி என்று ஒன்று முழுசாகப் பிறக்காத காலத்தில், இதே கணக்கைக் காகிதத்தில் நடத்திக்காட்டியவர் ஆலன் டூரிங். இரண்டாம் உலகப்போர், இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க். ஜெர்மன் கடற்படை எனிக்மா என்ற எந்திரத்தால் சேதிகளைக் குழப்பி அனுப்பியது. எட்டுச் சக்கரங்களில் மூன்றைத் தேர்ந்து வரிசையாகப் பொருத்த 336 வழி. அத்தனையையும் சோதிக்க இயந்திரங்களுக்கு நேரம் போதாது. எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

டூரிங் பிடித்தது ஒரு சின்ன நூல். இரண்டு சேதிகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால், சில இடங்களில் ஒரே எழுத்து நேருக்கு நேர் வரும். எந்திரம் ஒரே நிலையில் இருந்தபோது எழுதியவை என்றால், ஜெர்மன் மொழியின் இயல்பால் 17இல் ஓர் இடத்தில் பொருந்தும். சம்பந்தமில்லாதவை என்றால் 26இல் ஒன்றுதான். இது மயிரிழை வித்தியாசம். அதை எடை போட ஒரு தராசு செய்தார்கள். சேதிகளை நீண்ட தாள்களில் துளைகளாகக் குத்தினார்கள். பான்பெரி என்ற ஊரில் அச்சான தாள்கள் அவை. பெண் பணியாளர்கள் ஒரு தாளை மற்றொன்றின் மேல் வைத்து நகர்த்தி நகர்த்தி, துளை மேல் துளை விழும் இடங்களை எண்ணினார்கள்.

எண்ணியதை வரவு செலவாக எழுதினார்கள். ஊரின் பெயரிலிருந்து டூரிங் குழு எடுத்த அலகு ‘பான்’. ஒரு கருத்துக்குச் சாதகமாகப் பத்து மடங்கு எடை சேர்க்கும் சான்று ஒரு பான். பத்தில் ஒரு பங்கு ‘டெசிபான்’. மனித மனத்துக்கு உறைக்கக்கூடிய மிகச் சிறிய சான்று ஏறக்குறைய இவ்வளவுதான் என்று அவர்கள் கருதினார்கள். ஓர் எழுத்து பொருந்தினால் வரவு சுமார் 1.8 டெசிபான். பொருந்தாவிட்டால் செலவு 0.1க்கும் கொஞ்சம் குறைவு. மடக்கையில் எழுதியதால் பெருக்கல் எல்லாம் கூட்டல் ஆகிவிட்டது. கூட்டத் தெரிந்த யாரும் செய்யலாம். மளிகைக் கணக்குபோல நிமிடத்துக்கு நிமிடம் கூட்டிக்கொண்டே போனால், மொத்தம் ஓர் எல்லையைத் தாண்டும்போது ‘இவை இரண்டும் ஒரே நிலையில் எழுதியவை’ என்று சொல்லிவிடலாம். அப்படி அடுத்தடுத்து நூல் பிடித்துப் போனால், சோதிக்க வேண்டிய சக்கர வரிசைகள் மளமளவென்று குறையும்.

இவ்வளவு கைக்கு அடக்கமான கருவி இருந்தும், செயற்கை நுண்ணறிவின் முதல் தலைமுறை அதைத் தொடத் தயங்கியது. 1970களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்டு ஷார்ட்லிஃப் உருவாக்கிய மைசின் என்ற நிரல், ரத்தத்தில் தொற்றிய கிருமி எது என்று மருத்துவரிடம் கேள்வி கேட்டுக் கேட்டு ஊகிக்கும். அதன் மூளை, ‘இது இருந்தால் அது’ என்ற நூற்றுக்கணக்கான விதிகள். ஒவ்வொரு விதிக்கும் எவ்வளவு நிச்சயம் என்று ஒரு மதிப்பெண். நன்றாகவே வேலை செய்தது. ஆனால் விதிகளுக்கு ஒரு பிறவிக் கோளாறு உண்டு.

காலையில் முற்றம் ஈரமாக இருக்கிறது. ‘முற்றம் ஈரம் என்றால் ராத்திரி மழை பெய்திருக்கலாம்.’ நல்ல விதி. ‘மோட்டாரை நிறுத்த மறந்தால் மொட்டைமாடித் தொட்டி வழிந்து முற்றம் ஈரமாகும்.’ இதுவும் நல்ல விதி. இரண்டையும் கோத்துப் பாருங்கள். மோட்டாரை நிறுத்த மறந்தால் மழை பெய்திருக்கும்! நம் மனம் இப்படி ஒருநாளும் தடுமாறாது. ராத்திரி முழுக்க மோட்டார் ஓடியது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன அந்தக் கணமே மழையின் மேல் இருந்த நம்பிக்கை சரிந்துவிடும். ஈரத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது, இன்னொரு காரணம் தேவையில்லை. மழைக்கும் மோட்டாருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் ஈரத்தைப் பார்த்த பிறகு இரண்டும் போட்டியாளர்கள்.

சரி, விதிகளை விட்டுவிட்டு நேரடியாக பேய்ஸ் கணக்கையே போட்டால்? அங்கே ஒரு மலை நின்றது. காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்று ‘ஆம், இல்லை’ விவரங்கள் 30 இருந்தால், அவை சேரக்கூடிய வகைகள் 107 கோடிக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்தகவு வேண்டும். நொடிக்கு ஒரு எண் வீதம் மூச்சுவிடாமல் படித்தால் 34 ஆண்டு ஆகும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் இருந்த ஜூடியா பேர்ல் 1980களில் ஒரு வழி காட்டினார். உலகத்தில் எல்லாமே எல்லாவற்றையும் பாதிப்பதில்லை. முற்றத்து ஈரம் மழையையும் தொட்டியையும் பொறுத்தது. எதிர்வீட்டு நாய் குரைத்ததைப் பொறுத்ததில்லை. எதற்கு எது நேரடிக் காரணமோ அவற்றுக்கு இடையே மட்டும் அம்பு போடுங்கள். இந்தப் படத்துக்கு அவர் வைத்த பெயர் பேய்ஸ் வலை. ஒவ்வொரு விவரத்துக்கும் அதிகபட்சம் மூன்று நேரடிக் காரணம் என்று வைத்தால், 30 விவரங்களுக்குத் தேவையான எண்கள் 30 பெருக்கல் 8, வெறும் 240. நொடிக்கு ஒன்றாகப் படித்தால் நான்கு நிமிடம். 34 ஆண்டு எங்கே, நான்கு நிமிடம் எங்கே! சான்று ஓர் இடத்தில் நுழைந்தால், அண்டை வீட்டுக்குச் சேதி சொல்வதுபோல முடிச்சுக்கு முடிச்சு நம்பிக்கை திருத்தப்படும். மோட்டார் ஓடிய சேதி ஈரத்தின் வழியே போய் மழையைத் தானாகவே கீழே இறக்கும். இந்தப் பங்களிப்புக்காக 2011ஆம் ஆண்டின் டூரிங் விருது பேர்லுக்குக் கிடைத்தது.

வலை மிகப் பெரிதாகி, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொண்டால் இதுவும் திணறும். அப்போது கைகொடுப்பது, நோய்ப்படுக்கையிலிருந்து தேறிக்கொண்டிருந்த ஒருவருக்கு 1946இல் தோன்றிய யோசனை. ஸ்டானிஸ்லாவ் உலாம் பொழுதுபோக்காகத் தனியாளாய்ச் சீட்டாடிக்கொண்டிருந்தார். ஆட்டம் வெற்றியில் முடிய என்ன வாய்ப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்துச் சலித்துவிட்டு, ‘பேசாமல் நூறு ஆட்டம் ஆடி எத்தனை ஜெயிக்கிறது என்று எண்ணிவிட்டால் என்ன?’ என்று நினைத்தார். சூதாட்ட ஊரின் பெயரால் மான்டி கார்லோ முறை என்று ஆனது. கணக்குக்கு அடங்காத கேள்வியைக் கணினி லட்சம் முறை ஆடிப்பார்த்து எண்ணிவிடுகிறது. அட்லாண்டிக் வரைபடத்தில் தூவிய புள்ளிகளும் அந்தச் சீட்டாட்டத்தின் பேரப்பிள்ளைகள்தான்.

இனி உங்கள் கைக்கு வருவோம். ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாற்றித்தரும் விசைப்பலகையில் பி, ஏ, எல், எல், ஐ என்று தட்டுங்கள். பள்ளியா, பல்லியா? ஆங்கில எழுத்துக்கு லகர ளகர வித்தியாசம் தெரியாது. தட்டிய விரல் இரண்டுக்கும் சம சாட்சி. ஆகவே முன்நம்பிக்கைதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். முன்னால் ‘சுவரில்’ என்ற சொல் இருந்தால் பல்லி மேலே ஏறும். ‘நாளைக்கு லீவு’ என்று இருந்தால் பள்ளி. தவறாக எழுத்து விழுந்தாலும் இதே நீதிமன்றம்தான். இந்தச் சொல்லை நினைத்தவர் இப்படித் தப்பாகத் தட்ட எவ்வளவு வாய்ப்பு, இந்தச் சொல்லை இந்த இடத்தில் நினைக்க எவ்வளவு வாய்ப்பு என்று இரண்டையும் பெருக்கிப் பார்ப்பது. பெல் ஆய்வகத்தார் 1990இலேயே எழுத்துப்பிழை திருத்த இதைச் செய்துகாட்டினார்கள்.

முன்னால் வந்ததை வைத்து அடுத்தது என்ன என்று எண்ணிப் பார்க்கும் வேலையைத் தொடங்கிவைத்தவர் ரஷ்யக் கணித மேதை ஆந்த்ரே மார்க்கோவ். 1913இல் அவர் புஷ்கினின் ‘யெவ்கெனி அனியேகின்’ செய்யுள் நாவலிலிருந்து 20,000 எழுத்துகளைக் கையாலேயே எண்ணினார். உயிரெழுத்துகள் 43 சதவீதம். ஆனால் ஓர் உயிரெழுத்துக்கு அடுத்து இன்னோர் உயிரெழுத்து வருவது 13 சதவீதம்தான், மெய்க்கு அடுத்து 66 சதவீதம். இன்றைய பெரிய மொழி மாதிரிகள் இந்த வரிசையில் வந்த ராட்சதக் குழந்தைகள். ஒவ்வோர் அடியிலும் பல்லாயிரம் சொல்துண்டுகளுக்கு நிகழ்தகவு போட்டு ஒன்றைத் தேர்கின்றன. இங்கே ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். அந்த எண், ‘இந்தச் சொல் இங்கே வர எவ்வளவு வாய்ப்பு’ என்பது. ‘இது உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு’ என்பது இல்லை. பொய்யைக்கூடச் சரளமாகச் சொல்லிவிட இந்த இடைவெளி போதும்.

தன் சந்தேகத்தை ஒளிக்காமல் காட்டும் நிரல் ஒன்று கைபேசியிலேயே இருக்கிறது. வரைபடத்தைத் திறந்தால் நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு நீலப்புள்ளி தெரியும். அதைச் சுற்றி வெளிர்நீலத்தில் ஒரு வட்டம். புள்ளி என்பது கைபேசியின் ஊகம், வட்டம் அந்த ஊகத்தில் அதற்கு உள்ள சந்தேகம்.

புள்ளியை நகர்த்துவது போன்ற வேலைக்கென்றே அமைந்த கணக்கு, புடாபெஸ்டில் பிறந்த ருடால்ஃப் கால்மன் 1960இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வருகிறது. பேருந்து மணிக்கு 36 கிலோமீட்டரில் போகிறது. அப்படியானால் ஒரு நொடியில் 10 மீட்டர் நகர்ந்திருக்க வேண்டும். முன்கணிப்பு அது, 2 மீட்டர் முன்பின் இருக்கலாம். செயற்கைக்கோளோ 16 மீட்டர் என்கிறது. அதில் 4 மீட்டர் முன்பின். இரண்டு சாட்சி, இரண்டு வாக்குமூலம். கால்மன் கணக்கு எந்தச் சாட்சியையும் விரட்டுவதில்லை, நம்பகத்துக்குத் தக்கபடி கலக்கிறது. இங்கே முன்கணிப்புக்கு ஐந்தில் நான்கு பங்கு, செயற்கைக்கோளுக்கு ஒரு பங்கு. விடை 11.2 மீட்டர். அதைவிட அதிசயம், விடையில் உள்ள முன்பின் 1.8 மீட்டர்தான். இரண்டு சாட்சிகளில் நல்ல சாட்சியைவிடவும் இது துல்லியம். மோசமான சாட்சியைச் சேர்த்துக்கொண்டதால் துல்லியம் கூடியிருக்கிறது.

அடுத்த நொடிக்கு இந்த 11.2 தான் தொடக்கம். பழைய அளவீடுகளை நினைவில் வைத்திருக்கத் தேவையே இல்லை. எல்லாவற்றின் சாரமும் ஓர் ஊகம், ஒரு முன்பின் என்று இரண்டு எண்ணில் அடங்கிவிடுகிறது. அழித்து எழுதக்கூடிய நினைவாக வெறும் 2,048 சொல் மட்டும் கொண்ட அப்போலோ விண்கலக் கணினிக்கு இது வரப்பிரசாதம். நாசாவின் ஸ்டான்லி ஷ்மிட் இதன் அருமையைக் கண்டுகொண்டு நிலவுப் பயணத்துக்கு எடுத்துக்கொண்டார். விண்மீன் கோணத்தை ஒருமுறை அளப்பது, ஊகத்தைத் திருத்துவது, அடுத்த அளவீடு வரும்வரை முன்கணிப்பை ஓட்டுவது என்று நிலவுப் பயணத்தில் அந்தக் கணக்கு ஓடியது.

அடுத்த முறை மெட்ரோ ரயில் சுரங்கத்துக்குள் நுழையும்போது வரைபடத்தைத் திறந்து வையுங்கள். செயற்கைக்கோள் சாட்சி பாதியில் எழுந்து போய்விடும். புள்ளி கொஞ்ச நேரம் பழைய வேகத்தை நம்பி முன்னே ஊரும். வெளிர்நீல வட்டம் மெல்ல அகலமாகி ஒரு தெருவை விழுங்கும், பிறகு நாலு தெருவை. ரயில் வெளிச்சத்துக்கு வந்ததும் வட்டம் ஒரு நொடி திகைத்து நின்று, சட்டென்று புள்ளிக்குள் சுருங்கிக்கொள்ளும்.